பித்தம் இறங்கிய மத்தியானம்

சுவர் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. தைக்கக் கொடுத்த துணிகள் மேசையிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து ஜன்னலைப் பார்த்து நடந்தன. கட்டிலில் கிடந்த தையல்காரி, போகட்டும் என்று விட்டுவிட்டாள். உடம்பு அனலாய்க் கொதித்தது, பல் கிடுகிடுத்தது. அரிப்பு மட்டும் கனவில்லை. சொறிந்து சொறிந்து கையெல்லாம் தடித்திருந்தது.

கதவைத் திறந்துகொண்டு வந்த நாத்தனார் அவள் இமையைத் தூக்கிப் பார்த்தாள்.

“கண்ணு மஞ்சளா கிடக்கு அண்ணி! வயித்துக்குள்ள வெச்ச குழாயை மாத்த ஆஸ்பத்திரியில வரச் சொன்னாங்களே, போனீங்களா?”

“கல்யாணத் துணி குவிஞ்சு கிடந்துச்சு... அப்புறம் பாத்துக்கலாம்னு...”

“நல்லா பாத்தீங்க! கிளம்புங்க.”

“ராட்சசி, விட மாட்டியே” என்று முனகிக்கொண்டே எழுந்தாள் தையல்காரி.

பித்தநாளம் சுருங்கிப்போனபோது வைத்த பிளாஸ்டிக் ஸ்டென்ட் அது. பேனா ரீஃபில் பருமன்தான். அதில் கசடு அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர்.

“பித்தம் குடலுக்கு இறங்க வழியில்லாம ரத்தத்துல கலக்குது. கிருமியும் சேந்துடுச்சு. மருந்து ஏத்தறோம், ஆனா அடைப்பை எடுத்தாதான் காய்ச்சல் விடும். வாய் வழியா எண்டோஸ்கோப் விட்டு பழசை உருவிட்டு, அகலமான கம்பிவலைக் குழாய் வெச்சிடலாம்.”

தையல்காரி, “எனக்கு வேணாம். வீட்டுக்குப் போறேன்” என்று எழுந்தாள். இரண்டடி வைப்பதற்குள் சாய்ந்தாள். நாத்தனார்தான் தாங்கிப் பிடித்தாள்.

“போன தடவை பாதியில முழிச்சிட்டாங்க டாக்டர். தொண்டைக்குள்ள குழாயோட. அந்தப் பயம்.”

“இந்தத் தடவை மயக்க டாக்டர் பக்கத்துலயே இருப்பாங்கம்மா.”

ஊசி ஏறியதும் கட்டில் நழுவி நீரில் இறங்கியது. இருபுறமும் ஈரச் சுவர். நீர் ஓட்டமின்றித் தேங்கிக் கிடந்தது. யாரோ அவளை மெல்ல முன்னே தள்ளினார்கள். எங்கோ ஒரு மதகு திறந்தது. பச்சையாய், வெதுவெதுப்பாய்த் தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்து அவளையும் கூட்டிக்கொண்டு போனது. பயமே இல்லை. வெளிச்சம் மட்டும் இருந்தது.

விழித்தபோது தொண்டை கரகரத்தது. ஜன்னலில் மத்தியான வெயில்.

“பழைய குழாய் லேசுல வரல” என்றார் டாக்டர். “வந்ததும் சீழும் கசடுமா கொட்டிடுச்சு. புதுசு நல்லா வடியுது. மஞ்சள் இறங்க நாளாகும். ஆனா இனி தள்ளிப் போடாதீங்க.”

சாயங்காலம் காய்ச்சல் விட்டது. சொட்டு மருந்தைச் சரிபார்த்த நர்ஸ் நாத்தனாரைப் பார்த்துச் சிரித்தாள்.

“மயக்கத்துல தூங்கற வரைக்கும் இவங்களுக்கு ஒரே கேள்விதான். ‘அந்த ராட்சசி வெளியில இருக்காளா?’ன்னு.”

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“இருக்கான்னு சொன்னீங்கல்ல?” என்று நர்ஸிடம் கேட்டாள், திரும்பாமலே.