பந்து பத்திரம்

கோல்ஃப் மைதானத்தில் மூன்றாவது குழிக்கு அடிக்கிற மேட்டில் நின்று டைட்டஸ் அந்த இரும்பு மட்டையைக் கையில் எடுத்தார். அது தன்னுடையதல்ல என்பது முதலில் விரல்களுக்குத்தான் உறைத்தது. பிடி புதிது. எடை இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. பெங்களூர்க் கடையில் ரூபேஷ் என்ற விற்பனையாளர், ஒரு வாரம் அடித்துப் பாருங்கள் சார் என்று கொடுத்தனுப்பிய ஏழாம் நம்பர். முழு செட்டையும் வாங்குவதா வேண்டாமா என்று நாளைக்குள் சொல்லிவிட வேண்டும்.

அவருடைய பையில் இருந்ததைச் செட்டு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். மூன்று பேருடைய பைகளிலிருந்து வந்து சேர்ந்தவை அவை. ஐந்தாம் நம்பர், தங்கச் சுரங்கம் மூடியபோது ஊரைக் காலி செய்த ஓர் ஆபீசர் விட்டுப்போனது. எட்டும் ஒன்பதும் ஏலத்தில் வந்தவை. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. கல் தரையில் உரசி உரசி எல்லாவற்றுக்கும் அடிப்பாகம் தேய்ந்துபோயிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாக முதுகை வளைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆடியாயிற்று. இப்போது முதுகு கணக்குக் கேட்கிறது.

அடித்தார். சத்தமே இல்லை. பழைய இரும்பு என்றால் மணிக்கட்டிலிருந்து தோள் வரை ஒரு அதிர்வு ஏறும். இதில் ஒன்றும் ஏறவில்லை. பந்து, சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் வெளிறிய சரிவுக்கு எதிரே உயர்ந்து, கொஞ்ச நேரம் அங்கேயே நின்ற மாதிரி இருந்தது.

“யோவ் மாமே, இன்னாய்யா இது!” பாபு நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். டைட்டஸோடு ஒரே தொழிற்சாலையில், பக்கத்து மிஷினில் இருபத்தெட்டு வருஷமாக நிற்கிறவர். “எறங்கிச்சா இல்லியா?”

“எறங்கிடுச்சு. பிரவுன் மேலயே.”

“இந்தக் குச்சிய திருப்பி வாங்கணும்னா அந்த ரூபேஷு நாலு ஆளோட வரணும் போல.”

இந்த மைதானத்தில் குழியைச் சுற்றிப் புல் கிடையாது. மணலில் எண்ணெயைக் கலந்து கெட்டித்த வட்டம்தான். பழுப்பு நிறம் என்பதால் அதற்குப் பிரவுன் என்றே பெயர். ஆடி முடித்தவர்கள் தங்கள் கால்தடங்களை ஒரு சாக்குப்படுதாவால் இழுத்து அழித்துவிட்டு நகர வேண்டும். பாபு இழுத்துக்கொண்டே டைட்டஸின் மனைவியைப் பற்றிக் கேட்டார்.

“லவினா காது இன்னா ஆச்சு? டாக்டரம்மா மிஷின் வெக்கச் சொன்னாங்கன்னியே.”

“வேணாங்குறா.”

“அவளா சொன்னா?”

“அவளேதான். நீ செட்டு வாங்கிக்கன்னுட்டா.”

பாபு படுதாவை ஓரத்தில் போட்டார். “எங்க வீட்ல அப்படிச் சொன்னா நான் மொதல்ல பயப்படுவேன்,” என்றார். சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் டைட்டஸ் சிரிக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு நான்காவது குழிக்கு நடந்தார்.

தொழிற்சாலையில் சம்பள ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று வருஷத்து நிலுவை ஒரே தடவையில் வந்திருந்தது. செட்டுக்குச் சரியாக இருக்கும். அல்லது லவினாவின் இரண்டு காதுக்கும் சரியாக இருக்கும். இரண்டுக்கும் இருக்காது.

லவினா பத்தொன்பது வருஷம் விடியற்கால ரயிலைப் பிடித்துப் பெங்களூரில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வந்தவள். ஒரே கூரையின் கீழ் நானூறு தையல் மிஷின்கள். முதலில் குக்கர் விசில் கேட்காமல் போயிற்று. பிறகு கோயில் மணி. பிறகு டைட்டஸ்.

அப்போதுதான் அவர் கையால் பேச ஆரம்பித்தார். பதினோரு வயதில் இதே மைதானத்தில் ஆபீசர்களுக்குப் பந்து பார்க்கிற பையனாக அவர் நின்றதுண்டு. தரை முழுக்கக் கல். பந்து எங்கே பட்டு எங்கே தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு பையன் இருநூறு கஜம் முன்னால் போய் மேட்டில் நிற்பான். கத்தினால் கேட்காது, கைதான். இரண்டு கையையும் இடுப்புக்குக் கீழே விரித்தால் பந்து பத்திரம். தலைமேல் கை வைத்தால் தொலைந்தது. ஒரு கை நீட்டினால் அந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டது. வீட்டுக்குள்ளும் அது எளிதாகப் பொருந்திப்போயிற்று. கரண்ட் பில் கட்டியாயிற்றா? கை விரிப்பார், பத்திரம். சாவி? தலையில் கை. எட்டு வருஷத்தில் லவினாவுக்கு எல்லாம் அத்துப்படி. எங்களுக்குள் சண்டையே வராது என்று டைட்டஸ் தொழிற்சாலையில் சொல்லிக்கொள்வார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இரண்டு வாரத்துக்கு முன், ராபர்ட்சன்பேட்டையில் காது பரிசோதித்துவிட்டுத் திரும்பிய அன்று, செருப்பைக் கழற்றும்போதே அவள் சொன்னாள்: “எனக்கு வேணாங்க. நீங்க அந்த செட்ட வாங்கிக்கங்க. மிஷின் வெச்சி நான் இன்னா கேக்கப் போறேன்?” விட்டுக்கொடுக்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதை நினைத்துக் கூச்சமாகவும் இருந்தது. கூச்சம் இரண்டு நாளில் போய்விட்டது. அடுத்த வாரமே பெங்களூர் போய்ச் செட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

ஆடிவிட்டு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஐடா போன் செய்தாள். ஒரே மகள், சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மாவுக்குச் செய்தி எழுதி அனுப்புவாள், சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று. கதையெல்லாம் அப்பாவிடம்தான்.

“டாடி, என் வார்டுல நம்மூர் ஆளு ஒருத்தர் இருந்தாரு டாடி. கோரமண்டல் மைன்ஸு. அண்டர்கிரவுண்டுல வேல செஞ்சவரு. ஸ்கேனுக்கு லிஃப்டுல வெச்சித் தள்ளிட்டுப் போறேன், எந்த லெவல்ல எறக்கப் போறம்மான்றாரு. எறக்கல தாத்தா, மேல மூணாவது மாடிக்குப் போறோம்ன்றேன். ஐயோ, ஷிப்டு முடியறதுக்குள்ள மேல ஏறினா சம்பளத்த வெட்டிடுவானுங்களேன்றாரு!”

டைட்டஸ் வாய்விட்டுச் சிரித்தார். ஐடாவும் சிரித்தாள். அவள் சிரிப்பு நடுவிலேயே ஒரு மாதிரி மாறியது.

“காலைல போயிட்டாரு டாடி. பக்கத்து பெட்டுக்கு டிரிப்ஸ் மாத்திட்டுத் திரும்பறேன், உசுரு இல்ல. யாருமே வரல அவருக்கு. நான்தான் கண்ண மூடி வுட்டேன்.”

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். மகள் அழுது முடிக்கும்வரை அப்படியே இருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வைத்தார்.

லவினா எதிரே நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா சொன்னா?”

டைட்டஸ் இரண்டு கைகளையும் இடுப்புக்குக் கீழே விரித்துக் காட்டினார்.

அவள் எழுந்துகொள்ளவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. “இருபது நிமிசம் பேசினீங்க. சிரிச்சீங்க. அப்புறம் கண்ண தொடச்சீங்க. எனக்கு இவ்ளோதானா?”

அவர் அவள் பக்கத்தில் போய்க் குனிந்து உரக்கச் சொன்னார். “ஐடா வார்டுல ஒரு ஆளு செத்துட்டாரு!”

“யாருங்க செத்தது?” என்று பக்கத்து வீட்டு ஜன்னல் கேட்டது. வரிசை வீடுகள், ஒரே சுவர். யாருமில்லை, யாருமில்லை என்று டைட்டஸ் ஜன்னலுக்குப் பதில் சொன்னார். அந்தக் கிழவர் லிஃப்டில் சொன்னதை எப்படிக் கத்துவது? மகள் அழுததை எப்படித் தெருவுக்குக் கேட்கச் சொல்வது?

லவினா நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பேனாவோடு அவர் முன் வைத்தாள். டைட்டஸ் இத்தனை வருஷத்தில் தொழிற்சாலை வேலை நம்பர்களைத் தவிர அதிகமாக எதையும் எழுதியதில்லை. வெகுநேரம் யோசித்து ஒரு வரி எழுதினார். ‘ஐடா வேலை செய்யும் வார்டில் நம் ஊர்க்காரர் ஒருவர் இறந்தார்.’

அவள் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். “இதுக்கா சிரிச்சீங்க?”

அவர் தாளைப் பார்த்தார். கை, தன்னையறியாமல், மறுபடியும் எழும்பியது.

“கைய காட்டாதீங்க.” அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். “நான் இன்னா மேட்டுக்கு அந்தாண்டயா நிக்கிறேன்? ஒரே ரூம்ல இருக்கோம். தூரத்துல நிக்கிறவனுக்குக் காட்டற கைய எட்டு வருசமா எனக்குக் காட்றீங்க. பந்து எங்க போச்சின்னு மட்டும் தெரியுது எனக்கு. வேற ஒண்ணும் தெரியல.”

அவர் உட்கார்ந்தார்.

“மிஷின் ஏன் வேணாம்னேன் தெரியுமா? காசுக்கோசரம் இல்ல. உங்க செட்டுக்கோசரமும் இல்ல. இப்ப காது மேல பழிய போட்டுட்டு இருக்கேன். மிஷினும் வெச்சி, அதுக்கப்புறமும் நீங்க பேசலன்னா? அப்ப எது மேல போடறது?”

சொல்லிவிட்டு அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அவளுக்குக் கேட்காது. அதனால் தேவைக்கு மேல் திறந்துவிட்டிருந்தாள்.

டைட்டஸ் அசையாமல் இருந்தார். அவளுக்குக் காது நன்றாக இருந்த வருஷங்களில் இரண்டு பேரும் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்த்தார். ஷிப்டு நேரம், மகளுக்குப் பீஸ், யார் வீட்டுக் கல்யாணம். அதுகூட அவள் கேட்டு அவர் சொன்னது. இந்த ஊமைத்தனம் அவள் காதோடு வந்ததல்ல. அதற்கு முன்பே இங்கே இருந்தது. அவள் காது போனபோது, மழை வந்ததும் வேலை நின்ற கூலிக்காரனைப் போல, அவருக்கு ஒரு நிம்மதிதான் வந்திருக்கிறது. இதை அவர் இதுவரை ஒருமுறைகூட நேராகப் பார்த்ததில்லை.

மூலையில் ஏழாம் நம்பர் சாய்ந்து நின்றது. அதைப் பார்த்தார். இவ்வளவுக்கும் பிறகும் ஆசை ஒரு இழைகூடக் குறையவில்லை. அதுதான் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. பந்து உயரத்தில் நின்ற அந்தக் கணம் அப்படியே கையில் இருந்தது. முதுகும் அன்று வலிக்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும், பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிற எதிர்வீட்டு சுனிலிடம் அந்த இரும்பைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். கடையில் சேர்த்துவிடச் சொன்னார். வேணாமாம்னு சொல்லிடட்டா அங்கிள் என்று சுனில் கேட்டான். சொல்லிடு என்றார். வீட்டுக்குள் வந்தபோது லவினா காலியான மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் அவள் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக, உதடு தெரியச் சொன்னார்: “சாயங்காலம் ராபர்ட்சன்பேட்டை போலாம்.”

“எதுக்கு? நான்தான் சொல்லிட்டேனே.”

“வெச்சிப் பாரு. புடிக்கலன்னா வந்துடலாம்.”

வந்தாள். மனசில்லாமல்தான் வந்தாள். ஆட்டோவில் வழி நெடுக வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காது பார்க்கிற பெண் பவ்யாவுக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். கன்னடம் கலந்த தமிழ். இரண்டு காதுக்கும் பின்னால் மிஷினைப் பொருத்தி, கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றி இறக்கினாள். லவினா திடுக்கிட்டு மேலே பார்த்தாள்.

“இது இன்னா சத்தம்?”

“ஃபேன் ஆன்ட்டி.”

“ஃபேனா இப்படிக் கத்துது?”

“பழகிடும், ஸ்வல்ப நாள்.” பவ்யா டைட்டஸ் பக்கம் திரும்பினாள். “சார், நீங்க ஆன்ட்டிக்குப் பின்னாடி உக்காருங்க. முகம் தெரியக் கூடாது. கத்த வேணாம், நார்மலா பேசுங்க. புரியுதான்னு பாக்கலாம்.”

“இன்னா பேசறது?”

“வீட்ல டெய்லி பேசறதுதான்.”

டைட்டஸ் பின்னால் உட்கார்ந்தார். லவினாவின் பின்கழுத்தும், நரைத்த கொண்டையும், காதோரம் அந்தச் சாம்பல் நிறத் துண்டும் தெரிந்தன. கைகள் இரண்டும் முழங்கால்மேல் கிடந்தன. அவற்றால் இங்கே பயனில்லை. ஃபேன் சுற்றியது. வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று, லவினாவின் தோள் அதற்கு அசைந்தது. பவ்யா கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்தாள்.

“சார்?”

அவர் வாயைத் திறந்தார். மூடினார். கொண்டை அசையாமல் காத்திருந்தது.

அவராகப் பேசாததால் லவினாதான் கேட்டாள், திரும்பாமலே. “அந்த இரும்ப ஏன் திருப்பிக் குடுத்துட்டீங்க?”

“உனக்கு இது வாங்கலாம்னு.”

“ஆச போயிடுச்சா?”

பத்திரம் என்று சொல்லிவிடலாம். போயிடுச்சு என்று ஒரு வார்த்தை, எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

“போகல,” என்றார். “இருக்குது. ரொம்ப இருக்குது. ராத்திரி படுத்தா அந்தப் பந்துதான் கண்ணுல வருது.”

“ம்.”

“அங்க ஆடறப்போ யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நானும் சொல்ல வேணாம். அது எனக்கு நல்லா இருந்துச்சி லவி. உன் காது போனப்போ, வீடும் அந்த மாதிரி ஆயிடுச்சின்னு…” அவர் முழங்கால்மேல் கிடந்த கைகளைப் பார்த்தார். “எனக்கு அதுவும் நல்லாத்தான் இருந்துச்சி. அத உங்கிட்ட சொல்லணும்.”

பவ்யா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லவினாவின் முகத்தைப் பார்க்க டைட்டஸுக்கு எழுந்துபோகத் தோன்றியது, துணியவில்லை. அவள் ஒரு கையைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் இருந்ததைத் தொட்டாள். கழற்றப்போகிறாள் என்று நினைத்தார். அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“பேசுங்க,” என்றாள்.