நிலைக்கு அடியில் கிடந்த துட்டு

"மாமா, உங்க வீட்டுல நீங்க மட்டுந்தான இருக்கீங்க? அப்ப மாவாட்டுறது யாரு?" என்று 1960ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் பக்கத்து குவார்ட்டர்ஸ் சிறுமி காந்திமதி கேட்டாள். சக்கரபாணி அவளுக்கு ஒரு பொரியுருண்டை கொடுத்து அனுப்பினார். கேள்வியில் தப்பில்லை. மைன்ஸில் டைம்கீப்பராக இருந்த அவருக்கு மனைவி மக்கள் இல்லை, சாப்பாடு மெஸ்ஸில், வீட்டில் ஆட்டுக்கல்லே கிடையாது. அவள் கேட்ட மாவாட்டும் சத்தம் அவருடைய தகரப்பெட்டிக்குள் இருந்த ஒரு செப்புத் துட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது.

பழைய காசு சேர்ப்பது ஒன்றுதான் அவருடைய பழக்கம். வரலாறு தெரியாத காசை அவர் தொடமாட்டார். யாரிடமிருந்தது, எதற்காகக் கை மாறியது என்று துண்டுச்சீட்டில் எழுதிச் சுற்றி வைப்பார். பண்ருட்டியில் ஒரு முந்திரித் தோப்புக்கு அச்சாரமாகக் கொடுத்த ராணி தலை ரூபாய் இருந்தது. பிள்ளை பிழைத்தால் உண்டியலில் போடுவதாக மஞ்சள் துணியில் முடிந்து, கடைசிவரை போடாமலே போன காலணாவும் இருந்தது. இப்படி நாற்பது காசுகள். நாற்பதும் சத்தம் போடாதவை.

நாற்பத்தொன்றாவது, சுரங்கத்துக்காகக் காலியான ஊரில் பெரியநாயகியின் வீடு இருந்த இடத்தில் கிடைத்தது. 1957இல் சக்கரபாணி தகரக் கொட்டகையில் காய்ச்சலாகக் கிடந்தபோது, பதினோரு நாள் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்து கொடுத்தவள் அவள். காசு கொடுத்ததற்குக் கோபித்துக்கொண்டாள். ஊரைக் காலிசெய்தபோது அவள் வீட்டார் ஓடு, உத்தரம், வாசல் நிலை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார்கள். நிலை வைத்த அன்று பாட்டனார் அதற்கடியில் போட்டதாக அவள் முன்பு சொல்லியிருந்த துட்டை மட்டும் மறந்துபோனார்கள். பரங்கிப்பேட்டையில் டச்சுக்காரர்கள் புழங்கிய துட்டு அது. சக்கரபாணி அதைக் கையால் தோண்டி எடுத்தார். இவ்வளவு உறுதியான வரலாறு வேறெந்தக் காசுக்கும் இல்லை. திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்தார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சீட்டு எழுதிவிட்டார்.

சில மாதங்கள் கழித்து அது முறத்தில் புடைக்கும் சத்தம் போட்டது. பிறகு மாவாட்டியது. ஒரு குழந்தை பிறந்து அழுதது, ஒரு பெண் தாலாட்டினாள். சக்கரபாணி ஷிப்ட் முடிந்ததும் எங்கும் நிற்காமல் வீட்டுக்கு வரத் தொடங்கினார். குழந்தை அழுதால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அது ஓயும்வரை சுகமாகக் கேட்டிருப்பார்.

மார்கழியில் வடலூர் பஸ் நிறுத்தத்தில் பெரியநாயகியைப் பார்த்தார். புது வீட்டில் பழைய நிலையைத்தான் வைத்தார்களாம். அடியில் புது நயா பைசா ஒன்றைப் போட்டார்களாம். குடிபோன நாளிலிருந்து வீட்டுக்குள் எந்தச் சத்தமும் காதில் விழுவதில்லை. சண்டை போடக்கூட அவளும் புருஷனும் தெருவுக்கு வரவேண்டியிருந்தது. ஊரில் சிரித்தார்கள். இடுப்பிலிருந்த குழந்தையின் கால் முழுக்கத் தடிப்பாக இருந்தது.

"செவ்வாக்கெழம மத்தியானம் தூளில எறும்பு மொச்சிக்கினு இருந்திருக்குதுண்ணே. எம்மா நேரம் கத்துச்சோ. நான் அடுப்பாண்டதான் இருந்தேன், காதுல வுழலீங்க."

செவ்வாய்க்கிழமை சக்கரபாணிக்கு விடுமுறை. அந்த அழுகையை அவர் முழுவதும் கேட்டிருந்தார்.

தைப்பூசத்தன்று பெரியநாயகி குடிபோன ஊர் முழுவதும் ஜோதி பார்க்க வடலூருக்குப் போய்விட்டது. வருடம் தவறாமல் போகும் சக்கரபாணி அந்த வருடம் போகவில்லை. உச்சிவெயிலில் பெரியநாயகி வீட்டு வாசலில் உட்கார்ந்து, நிலைக்கு அடியில் விரல்விட்டு மண்ணைத் தோண்டினார். நயா பைசாவை எடுத்துக்கொண்டு துட்டை வைத்து மூடினார். மண்ணைத் தட்டியபோது தட்டிய சத்தம் கேட்டது. பூட்டிய கதவுக்குப் பின்னால் பானையிலிருந்து தண்ணீர் சொட்டுவதும் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு நடந்தே திரும்பினார்.

வீட்டில் தகரப்பெட்டிக்குள் காலியாக இருந்த இடத்தில் நயா பைசாவை வைத்து, பெரியநாயகி வீட்டு நிலை, தைப்பூசம் என்று சீட்டு எழுதினார். அது எந்தச் சத்தமும் போடவில்லை.