தகரம் அடித்த பொட்டு

குணலட்சுமிக்கு ஐம்பத்தெட்டு வயதில் கேம் பைத்தியம் பிடித்ததென்றால் புத்தூரில் யார் நம்புவார்கள்? பிடித்தது. குற்றவாளி அவள் மகள் வினோஜாதான். கணினி விளையாட்டுச் செய்வது அவள் வேலை. தாங்கள் குடியிருக்கும் ஒழுங்கையையே, வீடு வேலியோடு அச்சொட்டாக ஒரு விளையாட்டாக்கி, "அம்மா, பிழை இருக்கோ எண்டு விளையாடிப் பாருங்கோ" என்று கொடுத்தாள்.

பிழை இருந்தது. பக்கத்து வளவு வேலியில், ஆள் நுழைகிற அளவுக்கு முந்தி ஓட்டையாய் விட்டிருந்த பொட்டு விளையாட்டில் அப்படியே கிடந்தது. நிசத்தில் அதைத் தகரம் அடித்து மூடி நாலு வருசம். பக்கத்து வீட்டு ஞானாம்பிகையின் ஆடு அந்தப் பொட்டால் வந்து குணலட்சுமியின் பயித்தங்கொடியை மொட்டையடித்ததால் வந்த வினை. பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதிகள் இருவரும் கதைபேச்சை நிறுத்திவிட்டார்கள். அவள் முதலில் கதைக்கட்டும் என்று இரண்டு பக்கமும் ஒரே வீம்பு. வெட்கக்கேடு!

குணலட்சுமி பிழையைச் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை. விளையாட்டுக்குள் இருந்த பொம்மைக் குணலட்சுமி நாளாந்தம் பொட்டால் புகுந்து கறி கொண்டுபோனாள். பொம்மை ஞானாம்பிகை "வாடி குணம்" என்றாள். அந்த இரண்டு சொல்லுக்காகவே மனுசி பத்துத் தரம் போய்வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒடியல் கூழ் காய்ச்சினாள். கோப்பை நிறைய வார்த்தாள். விளையாட்டு நினைப்பிலேயே விறுவிறென்று வேலிக்கு நடந்து, குனிந்தாள்.

படார்!

"ஐயோ, என்ரை அம்மா!"

கூழ் தலையில் வழிந்தது. ஆறின கூழ்தான், பயப்படாதீர்கள்.

"குணம்! என்னடி நடந்தது?" தகரத்துக்கு அந்தப் பக்கம் ஞானாம்பிகை பதறினாள்.

குணலட்சுமிக்கு நெற்றி வலித்தது. அதைவிடச் சந்தோசம் பொத்துக்கொண்டு வந்தது. "நீதான் முதல் கதைச்சது, ஞானம்!" என்று சிரித்தபடியே அழுதாள்.

"சரி, நானே கதைச்சதாய் இருக்கட்டும். காயமோ? சொல்லனடி!"

"காயமில்லை. பொட்டு திறந்து கிடக்கெண்டு நினைச்சு வந்திட்டன்."

அந்தப் பக்கம் காலடிச் சத்தம் வீட்டுக்குள் ஓடித் திரும்பியது. பிறகு குறட்டால் ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டது. ஒரு தகரம் விழுந்தது. ஞானாம்பிகை கையை நீட்டினாள். குணலட்சுமி தலையை விட்டாள், தோளை விட்டாள், இடுப்போடு இறுகிப்போனாள். விளையாட்டில் மகள் அவளை மெல்லிசாகப் படம் கீறியிருந்தாள். நிசத்தில் அந்தச் சலுகை இல்லை.

ஞானாம்பிகை இழுத்துப் பார்த்தாள். சிரிப்பில் கை சோர்ந்துபோனது. "மற்றத் தகரத்தையும் கழட்டத்தான் வேணும், பொறு."

"ஆறுதலாய், மெல்லமாய்க் கழட்டடி," என்றாள் குணலட்சுமி, பாதி உடம்பு அவள் வளவுக்குள் கிடக்க. "நான் இனி எங்கை போகப்போறன்?"