கலயமும் சிலிண்டரும்

கொண்டைக்கடலை பாதி வெந்திருந்தபோது அடுப்பு ஒருமுறை விக்கிவிட்டு அணைந்தது. சிலிண்டரைக் குலுக்கினேன், சாய்த்தேன், கெஞ்சினேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், ஒரு சிலிண்டரிடம் தோற்றேன்.

ஜெபமாலை மாதத்தில் அன்றைக்கு எங்கள் வீட்டு முறை. தெருவே மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு பாடியபடி வந்துகொண்டிருந்தது. ஜெபம் முடிந்து சுண்டலும் டீயும் தராத வீட்டை ராயபுரம் அடுத்த அக்டோபர் வரை மறக்காது. பைபிள் வாசிப்பதும் வீட்டுக்காரன்தான். எனக்கு விழுந்தது எலியா கதை. பஞ்சத்தில் கடவுள் அவரை வேற்றினத்துக் கைம்பெண் ஒருத்தியின் வீட்டுக்கு அனுப்புகிறார். அவள் கலயத்தில் எண்ணெய் குறையவே இல்லை. என்னை வைத்து நையாண்டி செய்வதென்றால் கடவுளுக்கு அவ்வளவு ஆசை.

"போன வாரமே புக் பண்ணச் சொன்னேனே, இன்னா பண்ணிகினு இருந்த?" என்றாள் என் மனைவி ஃப்ளோரன்ஸ்.

"அந்தம்மா வூட்ல குறையல, நம்ம வூட்லயும் குறையாதுன்னு நம்பிகினு இருந்தேன்."

"உன் வாய்ல மட்டும் கேஸே தீராது."

தெருவுக்கு ஓடினேன். ஜானட் வீடு பூட்டு. வில்சன் வீடு பூட்டு. உதவக்கூடிய அத்தனை பேரும் என் வீட்டில் சாப்பிடத்தான் வந்துகொண்டிருந்தார்கள். வியாசர்பாடியில் இருக்கும் மருமகன் பீம்ராவின் ஞாபகம் வந்தது. போனை எடுத்தேன், சட்டைப்பையிலேயே போட்டேன். எங்கள் மகள் கிறிஸ்டினா மாதா கோயிலை விட்டுவிட்டு புத்தர் படத்துக்கு முன்னால் அவனோடு மாலை மாற்றிக்கொண்ட நாளிலிருந்து ஃப்ளோரன்ஸ் அவன் பெயரைச் சொன்னதில்லை. மகளும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நான் கூப்பிட்டு அவன் வந்து, இவள் எல்லார் முன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், மிச்சமிருந்த நூலும் அறுந்துவிடும்.

வெறுங்கையோடு திரும்பினேன். வாசலில் பீம்ராவ், தோளில் சிலிண்டரோடு.

"நீ எப்படிப்பா?"

"அத்தைதான் மாமா போன் பண்ணாங்க."

அவள் போனில் அவன் நம்பர் இருப்பதே எனக்குத் தெரியாது. அவன் செருப்பைக் கழற்றினான்; படியேறவில்லை.

"இங்கியே வச்சிட்றேன் மாமா, நீங்க உள்ள எடுத்துகினு போங்க."

உள்ளிருந்து குரல் வந்தது. "அங்க நின்னா அடுப்பு எப்டிப்பா எரியும்? அந்தாளுக்கு ரெகுலேட்டரு கூட மாட்டத் தெரியாது."

என் மானம் போனது. பரவாயில்லை. அவன் குனிந்து உள்ளே போனான். அடுப்பு பற்றிக்கொண்டது.

"அவ எங்க?" ஃப்ளோரன்ஸ் கடலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பஸ்ல வந்துகினு கீறா அத்த. வண்டில சிலிண்டர வச்சதுல எடம் இல்ல."

பாட்டு தெருமுனை திரும்பியது. கரண்டியைக் கையில் பிடித்தபடியே ஃப்ளோரன்ஸ் வாசலுக்கு வந்தாள். முன்னால் வந்த மாதாவை அவள் பார்க்கவில்லை. எக்கி நின்று, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கடைசி வரிசையில் வந்த முகங்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தாள்.