லண்டனுக்கு ஒரு டூட்டி சார்ட்

ஞானராஜுக்கு வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, மகள் ரோஸ்லின் கையிலிருந்த அவருடைய செல்போன் ஒரே ஒரு தரம் ஒலித்து அடங்கியது. தம்பி லூர்து பிரகாஷ். அவன் படிக்கிற ஊர் லீட்ஸோ என்னவோ. திண்டிவனத்தில் அந்தத் தெருவுக்கு அது லண்டன்தான்.

பரீட்சைக்குக் கிளம்புமுன் அவன் ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். அப்பா பதிலுக்கு ஒன்று கொடுப்பார். போய் நன்றாக எழுது என்று அர்த்தம்; இருவருக்கும் காலணா செலவில்லை. விடியற்காலையில் அப்பா மூச்சு நின்றது அவனுக்குத் தெரியாது. நம் கணக்குக்கு இரண்டிலிருந்து நான்கு மணிவரை அவனுக்குக் கடைசிப் பரீட்சை. தவறினால் இன்னொரு ஆறு மாதம், இன்னொரு ஃபீஸ். விற்பதற்கு அம்மா அக்னஸின் கம்மல் மட்டும்தான் பாக்கி. அதன் எடைகூடத் தெருவுக்குத் தெரியும்.

"சொல்லிடுடி. பெத்த அப்பன். நாளைக்குப் புள்ள கேக்கமாட்டானா?" என்றாள் அக்னஸ்.

"நாலு மணிக்கு சொல்லலாம்மா."

"அதுக்குள்ள பொதச்சிடுவாங்களேடி!"

எதிர்வீட்டுக் கிருஷ்ணவேணி மூக்கைச் சிந்திக்கொண்டே காதைத் தீட்டினாள். "ஃபிளைட்டு புடிச்சா ஜல்தியா வந்துடமாட்டானா?"

"கை காட்டுனா நிக்க அது விழுப்புரம் பஸ்ஸாக்கா?" என்றாள் ரோஸ்லின்.

விழுப்புரம் டிப்போவில் முப்பது வருஷம் கண்டக்டராயிருந்த மனுஷன், இரண்டு வருஷத்துக்கு முன் மகனின் படிப்புக்கே டூட்டி சார்ட் போட்டார். ஐந்து ஐம்பதுக்கு எழுந்திருப்பு. ஆறு பத்துக்கு ரொட்டி. வாரத்துக்கு இருபது மணி நேரம் கடையில் வேலை. அதற்குமேல் சட்டம் விடாது. கூட்டாளிகளோடு பேச ஞாயிறு நாற்பது நிமிஷம். முடிவெட்ட அங்கே என்ன விலை என்று விசாரித்தவர், அந்த வரியை அடித்துவிட்டுப் பெட்டியில் கத்தரிக்கோல் வைத்தார். எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டிக் கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார்:

"நான் பூட்டேன்னா வர வேணாம். டிக்கெட்டு நாப்பத்தஞ்சாயிரம்."

அக்னஸ் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். லூர்து சிரித்தான். அவரும் சிரித்தார். ஆனால் வரியை அழிக்கவில்லை.

ரோஸ்லின் அப்பாவின் செல்போனிலேயே தம்பியின் நம்பரை அழுத்தினாள். ஒரு தரம் ஒலித்ததும் கட் பண்ணினாள். அக்னஸ் பார்த்தாள், முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டாள்.

பிறகு ரோஸ்லின் நேராகக் கோயிலுக்குப் போனாள். "ஃபாதர், மூணு மணிப் பூசைய நாலரைக்கு வெச்சுக்கலாங்களா?"

"ஏம்மா?"

"வெயிலுங்க ஃபாதர்."

தெருவுக்கு அந்த வெயில் போதவில்லை. "வீட்டு பத்திரத்துல ஏதோ தகராறாம், அதான் பொணத்த எடுக்கல" என்று பக்கத்து வீட்டு அம்சா மூன்று வீட்டுக்குச் சொல்லி முடித்தாள்.

நான்கு மணி ஐந்து நிமிஷத்துக்கு ரோஸ்லின் தம்பியிடம் சொன்னாள்.

"அப்ப மிஸ்டு கால் குடுத்தது நீயாக்கா?"

"ஆமாண்டா."



"நல்லா எழுதியிருக்கேன்க்கா" என்றான்.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்வரை அவன் போனை வைக்கவில்லை. பேசவுமில்லை. காசு ஏறுதுடா, வையி என்று சொல்ல ஆளில்லை.

ஆளுக்கொரு கைப்பிடி மண் போட்டார்கள். ரோஸ்லினும் போட்டாள். பின்னால் நின்ற கிருஷ்ணவேணி, நகரும்மா என்பதுபோல் தோளைத் தொட்டாள்.

ரோஸ்லின் நகரவில்லை. போனைக் கீழே தாழ்த்திப் பிடித்தபடி குனிந்து, இன்னொரு கைப்பிடி அள்ளினாள்.