அவர் சொன்ன 'ஆங்'

தாடையைக் கட்டத் துணி தேடியபோதுதான் முனிகிருஷ்ணனின் லுங்கி ஒன்றுகூட வீட்டுக்குள் இல்லை என்பது தாயாரம்மாளுக்கு உறைத்தது. பீரோவில் வேட்டி இருந்தது. பொங்கலுக்கு எடுத்த சட்டை குண்டூசிகூடக் கழற்றாமல் இருந்தது. லுங்கிகளெல்லாம் கழனியில், பம்புசெட்டுக் கொடியில் கிடந்தன. அதற்கு இப்போது யாரை அனுப்புவது? தன் பழைய புடவை ஒன்றை எடுத்து ஓரத்தைக் கிழித்து, அதைக்கொண்டு புருஷனின் வாயைக் கட்டினாள்.

ஒரு வருஷமாக அவருக்குப் படுக்கை பம்புசெட்டில்தான். சாப்பிடுவார், பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொள்வார், வரப்பில் நடந்து போய்விடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க நல்லா காத்து வருது" என்றார். வீட்டில் வராத காற்று அங்கே மட்டும் எங்கிருந்து வந்ததாம்? பக்கத்தில் படுக்கப் பிடிக்காத மனுஷனைக் கெஞ்சிக் கூப்பிட அவளுக்கும் மானம் இடம் கொடுக்கவில்லை. அவளும் முறுக்கிக்கொண்டாள். சோறு போடும்போது தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைப்பாள். அவருக்கு அது கேட்காது என்பது வேறு விஷயம்.

காது போய் வெகுநாளாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கும்மிடிப்பூண்டியில், இரும்புக் கம்பி போடும் ரோலிங் மில்லில் வேலை. பழுக்கக் காய்ந்த இரும்பு, உருளைகளுக்கு நடுவே பாய்கிற சத்தத்தில் அங்கே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. ஃபோர்மேன் வாயை அசைத்தால் கையைத் தூக்கி "ஆங்" என்றுவிட வேண்டும். கேட்டதோ இல்லையோ, ஆங். "இன்னா சார்?" என்று இரண்டு தடவை திருப்பிக் கேட்கிறவனுக்குக் காது அவுட் என்று அர்த்தம், அவனை அதற்குமேல் மில்லில் வைத்திருக்க மாட்டார்கள். அதனால் எல்லோரும் ஆங் சொன்னார்கள். முனிகிருஷ்ணன் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சோறு போதுமா? ஆங். பொண்ணு போன் பண்ணாளே, இன்னா சொன்னா? ஆங்.

இருமல் வந்தபோது மில்லே ஒரு டாக்டரைக் கொடுத்தது. போன் டாக்டர். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று ஆட்கள் லீவு போட்டுவிடக் கூடாதே, அதற்காக அந்தக் கருணை. மெட்ராசில் எங்கேயோ உட்கார்ந்து ஒரு டாக்டரம்மா பேசும். அந்தம்மா கேட்பதைத் தாயாரம்மாள் அவருடைய இடது காதில் கத்துவாள். வலது காது சுத்தமாகக் கேட்காது. "சளி இன்னா கலர்ல வருதுன்னு கேக்குறாங்க." அவர் பதில் சொல்வார். கார்த்திகை மாசத்தில் ஒரு நாள் மட்டும், மணி அடித்ததும் போனைப் பிடுங்கி இடது காதோடு அழுத்திக்கொண்டு பம்புசெட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தவரிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டாள். ஆங் என்றார்.

அந்த மனுஷன் இன்றைக்கு விடியலில் பம்புசெட்டுத் தொட்டியோரம் விழுந்து கிடந்தார். பால்காரர்தான் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னார்.

மத்தியானம் ஷிஃப்ட் விட்டு மில் ஆட்கள் ஒரு குட்டி லாரியில் வந்திறங்கினார்கள். சின்னராசு மாலையைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் குந்திக்கொண்டான். முனிகிருஷ்ணனோடு ஒரே மிஷினில் நின்றவன்.

"அண்ணன் மாதிரி மனுசன் கிடையாது அண்ணி. உங்களுக்குத் தொந்தரவு வாணாம்னு பனியில போயி படுத்துக்கினாரே, எவன் செய்வான்."

தாயாரம்மாளின் அழுகை நின்றுவிட்டது.

"உனுக்கு யாரு சொன்னா?"

"அண்ணன்தான் சொன்னாரு."

"என்கிட்டயே சொல்லல. உன்கிட்ட சொன்னாரா?"

சின்னராசுவுக்குப் பொய் சொல்ல வராது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். எழுந்துவிடப் பார்த்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மீட்டிங்ல போட்டாங்க அண்ணி."

"இன்னாத்த போட்டாங்க?"

"சேஃப்டி மீட்டிங். உடம்பு சரியில்லன்னா மறைக்காதீங்கன்னு புத்தி சொல்றதுக்கு, பெரிய ஸ்பீக்கர்ல ஒரு போன் ரெக்கார்டைப் போட்டாங்க. டாக்டரம்மா கிட்ட ஒருத்தரு பேசுறாரு. பேரை எடுத்துட்டாங்க. பேரு எதுக்கு அண்ணி, அந்த ஆங் போதாதா எங்களுக்கு."

"இன்னா பேசினாரு?"

"வாணாம் அண்ணி. உடுங்க."

"சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு, பிணத்துக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னான். "இருமினா லுங்கி நனைஞ்சுடுதும்மான்னாரு. அடக்க முடியலன்னாரு. ஊட்ல படுத்தா பாயி, துணி எல்லாம் பொண்டாட்டிதான் அலசணும், அது கழனி வேலையும் பாத்துக்கினு இதையும் பாக்கணுமா, அதான் பம்புசெட்ல படுத்துக்கினு நானே அலசிப் போட்டுக்குறேன்னாரு. அதுக்கு மட்டும் சொல்லிடாதீங்கம்மா, கஷ்டப்படும்னு டாக்டரம்மாவைக் கெஞ்சினாரு."

தாயாரம்மாள் கட்டிய வாயோடு கிடந்த முகத்தைப் பார்த்தாள். பாவி மனுஷன். யாரிடமோ சொன்னதைப் பெண்டாட்டியிடம் சொல்லியிருந்தால் என்ன? லுங்கிதானே, அலசமாட்டாளா?

"எல்லாரும் கேட்டீங்களா?"

"ஆமா அண்ணி."

"சிரிச்சாங்களா?"

"சின்னப் பசங்க கொஞ்சம் பேரு..."

"நீ?"

சின்னராசு அவள் பிடியிலிருந்து மணிக்கட்டை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

"அப்ப அவரு எங்க இருந்தாரு?"

"முன்னாடி பெஞ்சிலதான். ஸ்பீக்கர் அவருக்கு வலது பக்கம். எல்லாரும் சிரிக்கிறாங்களேன்னு அவரும் கூட சிரிச்சாரு. இன்னாடா சின்னராசுன்னு என்னைக் கேட்டாரு. ஒண்ணும் இல்லண்ணான்னேன். ஆங்ன்னாரு. அன்னிக்கேதான் அவரை யார்டுக்கு மாத்தினாங்க."

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஆபீசர்கள் அன்றைக்குத்தான் அவரை மிஷினிலிருந்து எடுத்து, யார்டில் துண்டு இரும்பு பொறுக்கப் போட்டார்கள். வீட்டுக்கு வந்து, "பாவம்னு லேசான வேலையா குடுத்துட்டாங்க, நல்ல மனுசங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்த நல்ல மனுஷர்களுக்காக அவள் அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றினாள்.

பாடை கட்டி முடிக்கிற நேரத்துக்கு மில்லின் வெல்ஃபேர் ஆபீசர் பாக்கியநாதன் காரில் வந்தார். மரியாதை தெரிந்த மனிதர். பந்தலுக்கு வெளியே ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, மில் பெயர் அச்சடித்த ரிப்பன் கட்டிய மலர் வளையத்தைக் கால்மாட்டில் சாய்த்தார். கண்ணை மூடி நின்றார். கண்ணைத் திறந்தபோது எதிரில் தாயாரம்மாள் நின்றாள்.

"சார், அவரு டாக்டரம்மாகிட்ட பேசினது உங்ககிட்ட இருக்குதாமே. எனுக்குப் போட்டுக் காட்டுங்க."

"அம்மா, அதெல்லாம் இப்ப எதுக்கு..."

"இப்பதான் சார். அவரைத் தூக்குறதுக்குள்ள ஒரு தபா கேட்டுக்குறேன்."

பாக்கியநாதன் குரலை இறக்கினார். "அப்படிக் குடுக்க முடியாதும்மா. நோயாளி டாக்டர்கிட்ட பேசறது ரொம்ப அந்தரங்கம். பிரைவசின்னு சொல்லுவாங்க. அவரோட சம்மதம் இல்லாம வெளியாளுங்களுக்குக் குடுத்தா தப்பாயிடும்."

"வெளியாளு யாரு சார்?"

பாக்கியநாதன் குனிந்து மலர் வளையத்தின் ரிப்பனைச் சரிசெய்தார்.

"நான் அவரு பொண்டாட்டி. நான் வெளியாளு. மீட்டிங்ல குந்தினு சிரிச்சவங்கல்லாம் உள்ளாளா?"

"அதுல பேர் எடுத்துட்டோம்மா. அதுவுமில்லாம, ட்ரெயினிங்குக்குப் போட்டுக்கலாம்னு அவரே சம்மதம் குடுத்திருக்காரு. போன் ஆரம்பிக்கும்போதே கேப்பாங்க. அவர் சொன்னதும் ரெக்கார்டுல இருக்கு."

"இன்னான்னு சொன்னாரு?"

பாக்கியநாதன் சுற்றிலும் பார்த்தார். மில் ஆட்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆங்ன்னு."

கொரோனா வந்த காலத்திலிருந்து, யாருக்குப் போன் போட்டாலும் முதலில் யாராவது ஒருத்தி உபதேசம் பண்ணிவிட்டுத்தான் லைன் கிடைக்கும். அதைக் காது கொடுத்துக் கேட்டவர் யார்? போன் டாக்டருக்கு முன்னாலும் ஒரு பெண் குரல் கடகடவென்று எதையோ ஒப்பிக்கும். அது முடியட்டும் என்று தாயாரம்மாள் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பாள். முனிகிருஷ்ணன், ஃபோர்மேனுக்குச் சொல்வதைப் போல அதற்கும் ஒரு ஆங் போட்டுவைப்பார்.

"தாயாரு, சும்மா இரு" என்றார் முனிகிருஷ்ணனின் அண்ணன் அப்பாவு. "ஆபீசர் நம்ம ஊடு தேடி வந்துகிறாரு. மரியாதையா பேசு." மகள் தேவதர்ஷினி, "உடும்மா, வா" என்று தோளைப் பிடித்து இழுத்தாள்.

தாயாரம்மாள் தோளை உதறிவிட்டுத் தலைமாட்டுக்குப் போனாள். மாலையை ஒதுக்கினாள். இடது காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்தாள். குனிந்து, ஒவ்வொரு போனுக்கும் கத்துவாளே, அதே குரலில் கத்தினாள்.

"ஏங்க. ஆபீசர் வந்துகிறாரு. நீங்க பேசினதை நான் கேக்கலாமான்னு கேக்குறாரு. சம்மதமா?"

மேளக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். வழக்கமாக எவ்வளவு நேரம் காத்திருப்பாளோ அவ்வளவு நேரம் அவள் குனிந்தபடியே இருந்தாள். பிறகு பஞ்சைத் திரும்ப வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணும் சொல்லல சார். கேட்டதுக்கு ஆங் சொல்லாதது இதான் மொதல் தபா."

பாக்கியநாதன், ஹெட் ஆபீசுக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னார். ஷூவின் நாடாவைக் கட்டாமலேயே காரில் ஏறிப் போனார். அப்பாவு அவளை முறைத்துவிட்டு, தூக்குங்கப்பா என்றார்.

சவம் தெருமுனை தாண்டியதும் பெண்கள் வீடு கழுவக் குடங்களை எடுத்தார்கள். வீட்டுத் தொட்டியில் தண்ணீர் இல்லை. தாயாரம்மாள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வரப்பில் நடந்து பம்புசெட்டுக்குப் போனாள். கழனி வேலைக்கு வந்தாலும் ஒரு வருஷமாக அவள் அந்தப் பக்கம் திரும்பியதில்லை; விடியலில் பதறி ஓடிவந்தபோதும் எதையும் நின்று பார்க்கவில்லை. பாய் கழுவிச் சுவரில் சாத்தியிருந்தது. கொடியில் லுங்கிகள் ஓரம் ஓரமாக இழுத்துவிட்டுக் காயப் போட்டிருந்தன. அவள்கூட இவ்வளவு நேர்த்தியாகப் போடமாட்டாள். சுவிட்ச் பலகைக்குக் கீழே அவருடைய போன் சார்ஜில் கிடந்தது.

மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் வந்து விழவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. எடுத்தாலே ஸ்பீக்கரில் பேசுகிற மாதிரி மகள் செய்துவைத்திருந்தாள்.

"வணக்கம், திரு. முனிகிருஷ்ணன். இன்று உங்கள் மருத்துவ ஆலோசனை நாள். இந்த உரையாடல் பதிவு செய்யப்படும். பயிற்சிக்கும் பயன்படுத்தப்படலாம். உங்களுக்குச் சம்மதமா?"

அந்தக் குரல் சொல்வதை அவள் முழுசாகக் கேட்டது இதுதான் முதல் முறை. உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"மன்னிக்கவும், உங்கள் பதில் கேட்கவில்லை. உங்களுக்குச் சம்மதமா?"

போனைத் தொட்டிச் சுவர்மேல் வைத்தாள். விடியலில் அவர் அலசப் போட்ட லுங்கி தொட்டியடியில் கிடந்தது. துவைகல்மேல் தேய்ந்துபோன சோப்புத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தாயாரம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, லுங்கியை எடுத்துக் கல்லில் விரித்து, சோப்புப் போட ஆரம்பித்தாள். போன் மறுபடியும் கேட்டது.