பேர் இல்லாத ஒன்பது மணி நேரம்

தங்கை மாலாவின் புருஷன் கோபிகிருஷ்ணன் மேல் சிவராஜுக்கு இருந்தது சாதாரணப் பொறாமை இல்லை, சோறு தொண்டையில் இறங்காத பொறாமை. யாங்கோனில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக வேலைத் திட்டம் போடுகிறவன் சிவராஜ். எந்தத் தூண் எந்தத் தேதியில் எழும், அதற்கு எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்று கம்ப்யூட்டரில் போடுவதுதான் அவன் பிழைப்பு. குத்துக்கல்லாக அவன் இருக்கும்போது, பபேடான் கடைத்தெருவில் போன் கவர் விற்கிற கோபியைக் கூப்பிட்டு இந்த வருஷத் தீமிதித் திருவிழாவுக்குத் திட்டம் போடச் சொல்லியிருந்தது கோயில் கமிட்டி. கோபி திட்டம் போடுகிற சாஃப்ட்வேரையே யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டவன். அதுவும் ரெண்டு மாசத்துக்கு முன்னால்.

இது போதாதென்று கமிட்டித் தலைவர் கருப்பையா அவனை 'சயா' என்று வேறு கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பர்மாவில் வாத்தியாரையும் டாக்டரையும் கூப்பிடுகிற மரியாதை அது. சிவராஜை இத்தனை வருஷத்தில் 'ஏப்பா' என்பதைத் தாண்டி அவர் கூப்பிட்டதில்லை.

ஆனாலும் ஒரே ஒரு ஆசையில் அவன் வாயை மூடிக்கொண்டிருந்தான். கரகம். அம்மன் கரகத்தைத் தலையில் வைத்து ஊர்வலம் வந்து, முதல் ஆளாகப் பூக்குழியில் இறங்க வேண்டும். ஏழு வருஷமாகக் கேட்கிறான், கிடைக்கவில்லை. யாருக்குக் கரகம் என்பதைக் காப்புக் கட்டுகிற அன்று சந்நிதியில்தான் சொல்வார்கள். அதற்கு முன்னால் பேர் வெளியே வந்துவிட்டால் அந்த ஆளுக்கு அந்த வருஷம் கரகம் கிடையாது. அதனால்தான் கோபியின் திட்டத்தில் எந்த வேலைக்கும் ஆள் பேரே போடவில்லை.

காப்புக்கு ஆறு நாள் இருக்கும்போது, "ஒரு பார்வை பாருங்க மச்சான், தப்பு இருந்தா சொல்லுங்க" என்று கோபியே அந்தத் திட்டத்தை அனுப்பிவைத்தான். சிவராஜ் தலையில் பேன் பார்க்கிற மாதிரி வரி வரியாகத் தேடினான். தேடினால் கிடைக்காமலா போகும்!

ஆள் போடாத வேலைக்கு உழைப்பு மணி பூஜ்யம்தான் காட்டும். பேஸ்லைன் என்று ஒன்று உண்டு. திட்டம் முடிவானதும் அதை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொள்வது போல. பிறகு திட்டத்தில் எதை மாற்றினாலும் அந்தப் படம் மாறாது. அதில் பந்தல், கூழ், விறகு எல்லாவற்றுக்கும் பூஜ்யம். 'கரகம் எடுத்தல்' என்ற ஒரு வரியில் மட்டும் ஒன்பது மணி நேரம்.

ஆள் இல்லாமல் உழைப்பு எங்கிருந்து வந்தது? யார் பேரையோ போட்டுப் பேஸ்லைனை எடுத்துவிட்டு, பிறகு பேரை மட்டும் அழித்திருக்கிறான். யார் பேராக இருக்கும்? கோபி தன் பேரைத்தான் போட்டிருப்பான், வேறென்ன! மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டத்துக்குப் போகுமுன் சிவராஜ் ரெண்டு கிண்ணம் மொஹிங்கா மீன்குழம்பு நூடுல்ஸ் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

கோயில் கூடத்தில் கோபியின் லேப்டாப்பை டிவியில் மாட்டியிருந்தார்கள். திட்டம் பெரிதாகத் தெரிந்தது. சிவராஜ் எழுந்து அந்த ஒன்பது மணியைக் காட்டி, அது எப்படி வரும் என்று எல்லாருக்கும் புரிகிற மாதிரி விளக்கினான். கோபியின் முகம் வெளுத்துப் போயிற்று.

"அது நான் சும்மா கையால அடிச்சுப் பாத்த நம்பர் மச்சான். அழிச்சிர்றேன்."

கையாலும் அடிக்கலாம்தான். சிவராஜுக்கு அது நன்றாகத் தெரியும். வயிற்றெரிச்சல்காரனுக்குத் தெரிந்தது எதுதான் சமயத்தில் ஞாபகம் வருகிறது?

"முதல்ல சேவ் பண்ண காப்பி இதுலயே இருக்கும்ல மாப்புள? தொற."

"வேணாம் மச்சான். சொன்னாக் கேளுங்க."

"ஏப்பா, விட்ரு," என்றார் கருப்பையா. "வெள்ளிக்கிழமை காப்பு. அதுவரைக்கும் பொறு."

"பொறுக்க மாட்டேங்கய்யா! இவரு சயாவா இருந்தா வழக்கத்தை மீறலாமா? இதுல யார் பேரு இருந்தாலும் சரி, அந்த ஆளுக்கு இந்த வருஷம் கரகம் இல்ல. என்ன சொல்றீங்க எல்லாரும்?"

வழக்கத்தைச் சொன்னால் யார் மறுப்பார்கள்? எல்லாரும் தலையாட்டினார்கள். கோபி லேப்டாப்பை மூடப் போனான். சிவராஜ் அவன் கையைத் தள்ளிவிட்டுப் பழைய காப்பியைத் தேடித் திறந்தான். பன்னிரண்டு வருஷப் பழக்கம், அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

கரகம் எடுத்தல். ஒன்பது மணி நேரம். ஆள்: சிவராஜ்.

கருப்பையா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார்.

"கரகம் எடுக்கறவன் வேற பொறுப்பு எதையும் சொமக்க வேணாம்னு நெனச்சேன்ப்பா. அதனாலதான் திட்டம் போட உன்னைக் கூப்பிடல. இந்த வருஷம் மச்சானுக்குத்தான் கரகம் கொடுக்கணும்னு சயா எம் பின்னாலயே நடந்தாரு. நானும் சரின்னேன். திட்டம் போடறப்ப சந்தோஷத்துல உன் பேரைப் போட்டுட்டாரு. அப்புறம் வழக்கம் ஞாபகம் வந்து அழிச்சிருக்காரு. இப்ப நீயே எல்லாருக்கும் காட்டிட்ட. நான் என்ன பண்றது? இந்த வருஷம் உனக்கு இல்லப்பா."

சிவராஜ் பேச வாயைத் திறந்தான். அதற்குள் கோபி எழுந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

"ஐயா, பேரைப் போட்டது நான். சரியா அழிக்கத் தெரியாததும் நான். எனக்கு அபராதம் போடுங்க. மச்சான் ஏழு வருஷமாக் கேக்குறாரு, அவரை விட்ருங்க."

கருப்பையா அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தோளில் தட்டிக்கொடுத்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மாப்பிள்ளையா என்று கமிட்டி மொத்தமும் கோபியையே பார்த்தது. சிவராஜை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. கைக்கு வந்த கரகம் போனதுகூட அந்த நேரத்தில் அவனுக்கு உறைக்கவில்லை. நல்லவன் என்கிற பட்டத்தையும் இந்தப் பயலே தட்டிக்கொண்டு போய்விட்டானே என்றுதான் வயிறு எரிந்தது.